வழிவிடுதலும் ஒரு தொண்டு

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியிலும் அநுபவத்திலும் முதிர்ந்த பெரியோர் வீற்றிருக்கும் இவ்வவையிலே பேசும்படி மாணவனாகிய என்னைப் பணித்த செயலாளர் அவர்களுக்கு முதற்கண் என் நன்றி உரியது. தொண்டு பற்றிப் பேசுக என்பதே எனக்கு இடப்பட்ட கட்டளை. தொண்டு என்றவுடன் திருவீதி கூட்டுதல், தண்ணீர்ப்பந்தல் அமைத்தல், அன்னதானம், இரத்ததானம் என்பன நம் நினைவில் எழும். இவையெல்லாம் நம் சங்கத்தவர் நன்கு அறிந்தவை. நான் இன்று வேறொரு தொண்டினைப் பற்றிக் கூற விரும்புகின்றேன். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. அதைச் செய்தவருக்கு எவரும் மாலை சூட்டப்போவதுமில்லை. ஆனால் அதனைச் செய்யத் தவறின் ஓர் உயிரே போய்விடலாம். பெருந்தெருவிலே அம்புலன்ஸ் வண்டியோ தீயணைப்பு வண்டியோ வரும்போது அதற்கு முறையறிந்து வழிவிடுதலே அத்தொண்டாகும்.

இதுவும் ஒரு சொற்பொழிவுக்குரிய பொருளா, சைரன் ஒலி கேட்டால் விலகவேண்டும் என்பது சிறு பிள்ளைக்குந் தெரியுமே என்று சிலர் எண்ணக்கூடும். விலகவேண்டும் என்பது எல்லோருக்குந் தெரியும். எவ்வாறு விலகுவது என்பதுதான் பலருக்குத் தெரியாது. சனநெருக்கடி மிகுந்த ஒரு வீதியிலே அவ்வொலி எழும்போது நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் வேகத்தைக் கூட்டி அம்புலன்சுக்கு முன்னாலேயே ஓடுகின்றார். ஒருவர் நடுத்தெருவிற் பிறேக்கை மிதித்து நின்றுவிடுகின்றார். ஒருவர் இடப்புறம் ஒதுங்க, அடுத்தவர் வலப்புறம் ஒதுங்குகின்றார். மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞரோ, அம்புலன்சுக்கெனத் திறந்த வழியிலே அதன் பின்னாற் புகுந்து பறக்கின்றார். இவர்களுட் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர். நல்லெண்ணம் உண்டு, ஒழுங்கு இல்லை. ஒழுங்கோடு கூடாத நல்லெண்ணம் தெருவிலே உதவியாக மாறுவதில்லை. இதுவே நான் சொல்ல வந்த கருத்து.

நோயாளரை விரைந்து ஏற்றிச் செல்லத் தனி வண்டி வேண்டும் என்னும் எண்ணம் போர்க்களத்திலே பிறந்தது. பிரெஞ்சுப் படையின் வைத்தியராகிய டொமினிக் லாரே என்பவர் 1792ஆம் ஆண்டளவிலே, காயமுற்ற வீரரைப் போர் முடியும்வரை களத்திலே கிடக்க விடாது, குதிரை பூட்டிய இலேசான வண்டிகளில் உடனுக்குடன் எடுத்துச் செல்லும் முறையை ஏற்படுத்தினார். "பறக்கும் அம்புலன்ஸ்" என்று அதனை வழங்கினர். நம் நாட்டிலே நீண்ட காலமாக அம்புலன்ஸ் என்பது ஒரு வைத்தியசாலையிலிருந்து மற்றொரு வைத்தியசாலைக்கு நோயாளரைக் கொண்டு செல்லும் வண்டியாகவே பெரும்பாலும் இருந்தது. வீட்டு வாசலுக்கு வந்து ஏற்றிச் செல்லும் 1990 சுவசெரிய சேவை இந்திய அரசின் நன்கொடையுடன் 2016ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் தொடங்கிற்று. அதனை ஏனைய மாகாணங்களுக்கும் விரிவாக்கும் பணி 2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே யாழ்ப்பாணத்திற் கூடிய விழாவிலே தொடக்கி வைக்கப்பட்டது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் ஏழை, செல்வர் என்ற பேதமின்றி இலவசமாக வண்டி வரும். தீப்பற்றினால் 110 என்னும் இலக்கத்தை அழைக்கலாம். வண்டியைத் தருவது அரசின் கடமை. அவ்வண்டிக்கு வழியைத் தருவது நம் கடமை.

இந்த வழி எவ்வளவு விலையுடையது என்பதை வைத்திய நூலார் கணக்கிட்டுக் கூறியுள்ளனர். இருதயத் துடிப்பு நின்று வீழ்ந்தவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் கிடையாவிடின், அவர் பிழைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நிமிடமும் நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைந்துகொண்டே போகும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டுப் பாரிசவாதம் உண்டானவருக்கு நிமிடந்தோறும் ஏறத்தாழ 19 இலட்சம் மூளைக் கலங்கள் அழிகின்றன என்று மதிப்பிட்டிருக்கின்றனர். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள்ளே ஏற்றிவிட வேண்டும். இப்பொழுது ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். வழியிலே பத்து இடங்களில், இடத்துக்குப் பதினைந்து விநாடி வீதம் அம்புலன்ஸ் தடைப்படுகின்றது என்று கொள்வோம். மொத்தம் இரண்டரை நிமிடம். வழிமறித்த பத்துப் பேரும் தாம் பதினைந்து விநாடிதானே தாமதித்தோம் என்று எண்ணுவர். ஆனால் துடிப்பு நின்று கிடப்பவரின் உயிர் வாய்ப்பிலே ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அந்தப் பத்துப் பேருக்கிடையிற் கரைந்துவிட்டது. தனித்தனியே பார்த்தால் எவரும் குற்றவாளியல்லர். சேர்த்துப் பார்த்தால் ஒரு வீட்டிலே இழவு விழுந்துவிட்டது.

வடபகுதியினராகிய நமக்கு இது பின்னும் பொருந்தும். வட மாகாணத்திலே போதனா வைத்தியசாலை யாழ்ப்பாணத்திலே மட்டுமே உண்டு. கிளிநொச்சியிலிருந்து அங்கு வரும் வண்டி கண்டி வீதி வழியாக ஏறத்தாழ 65 கிலோமீற்றர் ஓடவேண்டும். பரந்தன், ஆனையிறவு, பளை, கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழி என்று ஊர்களையும் சந்தைகளையும் பாடசாலை வாசல்களையும் கடந்துதான் வரவேண்டும். அவ்வீதியிலே பெரும்பாலும் போவதற்கு ஓர் ஒழுங்கையளவும் வருவதற்கு ஓர் ஒழுங்கையளவுமே இடமுண்டு. ஒரு லொறியும் ஒரு பஸ்ஸும் அருகருகே நின்றுவிட்டால் வழி முழுவதும் அடைபட்டுவிடும்.

வழிவிடும் முறையைச் சொல்லுமுன், சைரன் ஒலியின் தன்மையைச் சிறிது விளங்கிக்கொள்ளுதல் நலம். தூரம் இரட்டித்தால் ஒலியின் செறிவு நான்கிலொன்றாகும் என்பது பௌதிக விதி. கண்ணாடிகளை உயர்த்தி, குளிரூட்டியை முடுக்கி, பாட்டையும் உரக்கப் போட்டுச் செல்லும் காருக்குள்ளே அவ்வொலி மிகவும் தாமதித்தே எட்டும். அம்புலன்ஸ் 100 மீற்றர் பின்னால் வரும்போது நீங்கள் அதனைக் கேட்டதாகக் கொள்வோம். அது மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திலும் நீங்கள் 50 கிலோமீற்றர் வேகத்திலும் சென்றால் 12 விநாடியில் அது உங்களை எட்டிவிடும். பார்த்தல், நிதானித்தல், ஒதுங்குதல் ஆகிய மூன்றையும் அந்தப் பன்னிரண்டு விநாடிக்குள்ளே செய்து முடிக்கவேண்டும். அன்றியும் மதில்களும் கடைகளும் நெருங்கிய தெருவில் ஒலி எதிரொலித்து, எத்திசையிலிருந்து வருகின்றது என்று காதை மயக்கும். ஆகவே காதை மட்டும் நம்பாது, பின்னோக்கும் கண்ணாடிகளை அடிக்கடி பார்த்துச் செல்லும் பழக்கம் வேண்டும். வண்டி ஓட்டும்போது காதிலே ஒலிவாங்கிகளைச் செருகிக்கொள்ளும் என் வயதொத்த நண்பர்கள் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக.

இனி முறைக்கு வருவோம். முதலாவது, பதறாதிருத்தல். ஒலி கேட்டவுடன் பிறேக்கை ஓங்கி மிதித்தால் பின்னால் வருபவர் உங்கள்மேல் மோதுவார். அப்போது ஓர் அம்புலன்சுக்கு வேலை இருந்த இடத்தில் இரண்டு அம்புலன்சுக்கு வேலை உண்டாகும். முதலிற் கண்ணாடியிற் பார்க்கவேண்டும். எங்கிருந்து வருகின்றது என்று தெளியவேண்டும்.

இரண்டாவது, இடப்புறம் ஒதுங்குதல். நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்கின்றன, முந்துவது வலப்புறமாக. ஆதலின் இடப்பக்கச் சைகை விளக்கைப் போட்டு, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, இடப்புற ஓரத்தை அடையவேண்டும், தேவையாயின் நிற்கவேண்டும். சைகை விளக்கு மிகவும் முக்கியமானது. முன்னே செல்பவர் என்ன செய்யப்போகின்றார் என்பதை அறிந்தாலன்றி அம்புலன்ஸ் சாரதி துணிந்து முந்தமுடியாது.

மூன்றாவது, எதிரே வருவோரின் கடமை. அம்புலன்ஸ் எதிர்ப்பக்கத்திலேதானே வருகின்றது, நமக்கென்ன என்று பலர் தம் வழியே நேராக வருகின்றனர். இரண்டு ஒழுங்கை மாத்திரமுள்ள வீதியிலே முந்தும் வண்டி நடுக்கோட்டைத் தாண்டியே வரவேண்டும். இருசாராரும் தத்தம் இடப்புற ஓரத்தை அணைந்தால், நடுவிலே ஒரு வழி தானாகப் பிறக்கும். தேர் அசையும் நாளிலே சனங்கள் இருமருங்கும் ஒதுங்க, வீதி நடுவிலே வழி திறப்பதை நாம் காண்கின்றோம் அல்லவா? அவ்வொழுங்கு நமக்குப் புதியதன்று.

நான்காவது, இடமறிந்து ஒதுங்குதல். வளைவிலும் பாலத்திலும் ஒடுங்கிய இடத்திலும் நிற்றல் ஆகாது. நீரேரிக்கு நடுவே செல்லும் ஆனையிறவுத் தாம்போதி போன்ற இடங்களிலே ஒருவர் திடீரென நின்றால் வழி திறவாது, அடைபடும். அத்தகைய இடங்களிற் சீராகச் சென்று, அகன்ற இடம் வந்ததும் ஒதுங்குதலே முறை.

ஐந்தாவது, சந்திகளில் நிதானம். வழிவிடும் ஆவலினாலே சிவப்பு விளக்கைத் தாண்டிக் குறுக்குத் தெருவிற் பாய்தல் கூடாது. நடைபாதையில் ஏறுதலும் கூடாது. பிரித்தானிய வீதி ஒழுங்கு நூலும் அவசர வண்டிக்கு வழிவிடுகையில் உங்களையோ பிறரையோ ஆபத்துக்குள்ளாக்க வேண்டாம் என்றே போதிக்கின்றது. ஓர் உயிரைக் காக்கப்போய் இன்னோர் உயிரைப் பலி கொடுத்தல் தொண்டாகாது.

ஆறாவது, பொறுத்திருத்தல். அம்புலன்ஸ் கடந்தவுடன் திரும்பவும் நடுவீதிக்குப் பாயாதீர்கள். பெரிய விபத்துக்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல வண்டிகள் வரும். பின்னே பார்த்து, வேறொன்றும் இல்லையெனக் கண்டபின் புறப்படுங்கள். அம்புலன்சின் பின்னால் ஓடுதல் மிகவும் கொடிது. அது திடீரென நின்றாலோ திரும்பினாலோ விலக இடமிராது. நோயாளிக்காக ஊரார் திறந்த வழியை நம் அவசரத்துக்குப் பயன்படுத்துதல், அன்னதானத்துக்கு வைத்த அரிசியை வீட்டுக்கு அள்ளிச் செல்வதை ஒக்கும்.

இன்னுமொன்று: வீதியோரத்தில் விளக்கு மின்ன நிற்கும் அம்புலன்சைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து, இடைவெளி விட்டுச் செல்லவேண்டும். அங்கே சிலர் தெருவிற் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பர். அமெரிக்க மாநிலங்கள் எல்லாவற்றிலும் இதற்கெனச் சட்டம் உண்டு. 1996ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலமே இதற்கு வழிகாட்டிற்று. வேடிக்கை பார்ப்பதற்காக வண்டியை நிறுத்துபவர், தாம் அறியாமலே பின்வரும் அம்புலன்சை மறித்து நிற்கின்றார்.

பிறநாடுகள் இத்துறையிற் செய்துள்ளவற்றையும் அறிதல் நன்று. 1968ஆம் ஆண்டு வியன்னாவில் உருவான வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை, அவசர வாகனத்தின் ஒலியும் ஒளியும் தோன்றியவுடன் வீதியிற் செல்லும் எல்லோரும் வழிவிடவும், வேண்டுமாயின் நிற்கவும் வேண்டும் என்கின்றது. ஜேர்மனியிலே அதிவேகப் பாதையில் நெரிசல் ஏற்பட்டு வாகனங்கள் நடைவேகத்துக்குக் குறைந்தவுடனேயே, சைரன் கேட்பதற்கு முன்னரே வழி அமைத்துவிட வேண்டும். அங்கே வாகனங்கள் வலப்புறமாகச் செல்பவை. ஆதலின் இடக்கோடியில் உள்ளவர் இடப்புறமும் மற்றையோர் வலப்புறமும் அணைந்து நிற்க, நடுவிலே உயிர் காக்கும் சந்து ஒன்று திறந்திருக்கும். அவுஸ்திரியாவும் 2012ஆம் ஆண்டு முதல் இதனை விதியாக்கிற்று. அம்புலன்ஸ் வந்தபின் வழிவிடுதல் நன்று. வருமுன் வழி அமைத்திருத்தல் அதனினும் நன்று. அண்டை நாடாகிய இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, அம்புலன்சுக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரையிற் சிறையோ பத்தாயிரம் ரூபா தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆயினும் பொலிசார் நிற்கும் இடத்தில் மட்டுமே விழித்திருப்பது தண்டத்துக்கு அஞ்சும் மனம். அறத்துக்கு அஞ்சும் மனமோ ஆளில்லாத தெருவிலும் விழித்திருக்கும்.

நம் சமயத்தார்க்கு இது புதிய போதனையன்று. வழியிலே எவரெவருக்கு ஒதுங்கவேண்டும் என்று கூறும் மனுதரும சாத்திரம், முதியவரையும் நோயாளியையும் சுமை சுமப்பவரையும் பெண்களையும் அரசனையும் ஒருங்கே சேர்த்து எண்ணுகின்றது. பெரியபுராணம் காட்டும் திருநாளைப்போவார் வரலாற்றை நினையுங்கள். திருப்புன்கூரிலே வாசலுக்கு வெளியே நின்று சிவலோகநாதரைக் காண ஏங்கிய அடியவருக்கு நந்தி மறைத்தது. இறைவனருளால் அந்நந்தி விலகிற்று. இன்றும் அத்தலத்திலே நந்தி விலகிய நிலையிலே இருப்பதைக் காணலாம். நந்தி அங்கே இருந்தது பிழையா? அன்று. அது நந்திக்கு உரிய இடம். ஆயினும் தன்னினும் அவசரம் உடைய ஒருவருக்காகத் தனக்குரிய இடத்திலிருந்து அது ஒதுங்கிற்று. இறைவனுடைய வாகனமே வழிவிட்டதாயின், நம்முடைய வாகனங்கள் வழிவிடுதற்குத் தயங்கலாமா? நந்தி விலகிய முறையையும் கவனியுங்கள். அது முன்னாலும் ஓடவில்லை, பின்னாலும் தொடரவில்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி அங்கேயே அமைதியாய் இருந்தது. சற்றுமுன் நான் கூறிய விதிகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன.

மிசன் பாடசாலையிலே பயின்ற என் போன்றோர் நல்ல சமாரியன் கதையையும் கேட்டிருக்கின்றோம். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியிலே கள்வராற் காயமுற்றுக் கிடந்தவனைக் கண்டு இருவர் ஒதுங்கிச் சென்றனர். மூன்றாமவனாகிய சமாரியனே நின்று உதவினான். அக்கதையில் ஒதுங்கியது குற்றம். இக்காலத்துப் பெருந்தெருவிலோ, உதவி செய்ய வல்லவர் பின்னால் விரைந்து வருகின்றார். நாம் ஒதுங்குவதே அவருக்குச் செய்யும் உதவி. அன்று சமாரியன் செய்ததும் இன்று நாம் செய்யவேண்டியதும் ஒன்றே. பிறனுடைய துன்பத்தை முன்வைத்து நம் பயணத்தைச் சிறிது பின்வைத்தல்.

இங்கே ஒரு மறுப்புக்கும் விடை கூறவேண்டும். "அம்புலன்சுக்குள்ளே ஒருவரும் இல்லை, வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு சத்தம் போடுகின்றார்கள்" என்று சொல்வோர் உளர். நோயாளியை நோக்கிச் செல்லும் அம்புலன்ஸ் வெறுமையாகத்தான் செல்லும். ஏற்றியபின் வண்டிக்குள்ளே பிராணவாயு உண்டு, பயிற்சி பெற்றவர் உண்டு. ஏற்றுமுன் அந்நோயாளிக்கு என்ன உண்டு? திண்ணையிலே அழும் உறவினர் மட்டுமே. ஆகவே வெறும் அம்புலன்சுக்கு வழிவிடுதல் பின்னும் அவசியமாகும்.

மற்றப் பக்கத்தையும் நடுநிலையோடு கூறல் வேண்டும். அவசரமில்லாத வேளையிற் சைரனை முழக்குவதும், அதிகாரமுள்ளோர் தம் வாகனங்களுக்கு அவ்வொலியைப் பூட்டிக்கொள்வதும் அவ்வொலியின் மதிப்பைக் கெடுக்கும். புலி வருகின்றது என்று பொய்யாகக் கூவிய இடையனின் கதைபோல, மெய்யான வேளையில் எவரும் அசையாத நிலை பிறக்கும். அம்புலன்ஸ் சாரதியும் முன்னுரிமை தமக்கன்று, உள்ளே கிடப்பவருக்கே என்பதை மறத்தலாகாது. திருவாரூர் வீதியிலே சோழ இளவரசனுடைய தேர்க்காலில் அகப்பட்டுக் கன்று ஒன்று மாண்டது. அறியாமல் நேர்ந்தது என்று மனுநீதிச் சோழன் தன் மகனை விட்டுவிடவில்லை. தேர் ஓட்டுபவர் எவராயினும் தெருவிலுள்ள உயிருக்குப் பொறுப்பாளியே.

முடிவாக வாலிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கம் இதனை ஓர் ஆண்டுத் திட்டமாக எடுத்துக்கொள்ளலாம். சாரதி அநுமதிப் பத்திரம் பெறப் பழகும் இளைஞர்களுக்கு ஒரு நாள் வகுப்பு நடத்தலாம். பொலிசாரையும் அம்புலன்ஸ் ஊழியரையும் அழைத்து விளங்கச் செய்யலாம். பஸ் சாரதிகளையும் நடத்துநர்களையும் கண்டு பேசலாம். பின்பக்கம் பார்த்துச் சாரதிக்குச் சொல்லக்கூடிய நடத்துநர் ஒருவரே ஒரு பஸ்ஸை விரைந்து ஒதுக்கிவிடுவார். திருவிழாக் காலத்திலே வீதி மறித்துப் பந்தல் போடும்போது அம்புலன்ஸ் செல்லும் அகலத்துக்கு ஒரு பக்கம் விட்டுப் போடுவோமாக. அங்கே ஒரு தொண்டரையும் நிறுத்துவோமாக. மற்றவருக்குப் போதிக்குமுன் நம் சங்கத்து வாலிபர் ஒவ்வொருவரும் தம் மோட்டார் சைக்கிளிலே இவ்விதிகளைக் கைக்கொள்வார்களாக. பெரியோர்களிடம் நான் வேண்டுவதும் ஒன்றுண்டு. வாகனத்திலே உடன் செல்லும்போது "முந்து, முந்து" என்று பிள்ளைகளை ஊக்காது, "பொறு தம்பி, வழிவிடு" என்று சொல்லுங்கள். அச்சொல் பல ஆண்டுக்குப் பிறகும் அவர்கள் காதில் ஒலிக்கும்.

வழிவிட்டவர் பெயரை நோயாளி அறியமாட்டார். பிழைத்தெழுந்த பின்னும் அவருக்கு நன்றி கூற இவரைத் தேடி வரமாட்டார். கைம்மாறு கருதாது செய்வதே தொண்டு என்று நம் பெரியோர் வகுத்தனர். அந்த இலக்கணத்துக்கு இதனினும் பொருத்தமான செயலை இக்காலத் தெருவிலே காணல் அரிது. அடுத்த முறை அவ்வொலி உங்கள் பின்னால் எழும்போது, கண்ணாடியைப் பாருங்கள், இடப்புறம் ஒதுங்குங்கள், அது கடந்து செல்லும்வரை பொறுத்திருங்கள்.

 எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் பாலிப்பாராக.